கட்டியங்காரன் (தெருக்கூத்து)

இக்கட்டுரை தெருக்கூத்துப் பாத்திரம் பற்றியது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னனின் ஆட்சியைக் கவர்ந்த அமைச்சனின் பெயரும் கட்டியங்காரன் ஆகும்.

கட்டியங்காரன் என்பது தமிழ்நாட்டின் தெருக்கூத்தில் இடம்பெறும் ஒரு முதன்மைப் பாத்திரம் ஆகும். கதையை அறிமுகம் செய்தல், வேடதாரிகளை அவைக்கு அழைத்தல், நகைச்சுவை ஊட்டுதல் ஆகியவை இவனது பணிகள். கதையை விட்டு விலகிச் செல்லும் உரையாடலை மீண்டும் கதைக்குத் திருப்புவதும் இவற்றுள் ஒன்றாகும்.

பெயர்க் காரணம்

அரசனின் பெருமைகளைக் கூறி அவன் வருகையை அறிவித்தல் கட்டியம் கூறுதல் எனப்படும். அதனைச் செய்பவன் கட்டியங்காரன்.

கூத்தில் இடம்

இசைக்கருவிகளின் முழக்கத்திற்கும் கடவுள் வாழ்த்திற்கும் பின்னர்க் கட்டியங்காரன் தோன்றி, அன்றிரவு நடைபெறவுள்ள கூத்தின் பெயரை அறிவிப்பான். திரைக்குப் பின் வந்து நிற்கும் வேடதாரியை யாரென வினவுவான். அவர் பாடலாலும் வசனத்தாலும் தம்மை அறிமுகம் செய்துகொள்வார். பின்னர் இவனே வாயிற்காவலன், தூதன், பணியாள் எனப் பல நிலைகளில் கதைக்குள் இயங்குவான்.

கதைக்குத் திருப்புதல்

தெருக்கூத்தில் பாடல்கள் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டவை. அவற்றின் இடையே வரும் வசனத்தை நடிகர்கள் அவ்விடத்திலேயே விரித்துப் பேசுவர். உள்ளூர்ச் செய்திகளும் கேலியும் இதில் கலக்கும். இவ்விலகலைத் தொடங்கி வைப்பவனும் பல வேளைகளில் கட்டியங்காரனே.

எனினும் கூத்து இரவு முழுவதும் விலகியே செல்ல இயலாது. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து பல இரவுகள் நடைபெறும். இறுதி இரவில் பதினெட்டாம் போர் ஆடப்பட்டு, விடிந்த பின்னர், மண்ணால் அமைத்த துரியோதனன் உருவத்தைக் கொண்டு படுகளச் சடங்கு நிகழும். எனவே பொழுது விடிவதற்குள் கதை உரிய இடத்தை அடைந்தாக வேண்டும்.

கதைக்குத் திரும்ப உதவும் வழிகளாகப் பின்வருவனவற்றைக் குறிப்பிடலாம்:

* வினா: மன்னன் அவைக்கு வந்த காரணத்தைப் பணியாளாக நின்று கேட்டல்.
* விளக்கம்: பாடலின் பொருளை எளிய பேச்சில் அவையோருக்கு எடுத்துரைத்தல்.
* அறிவிப்பு: அடுத்த பாத்திரத்தின் வருகையைக் கூறுதல்.
* பாடல்: அடுத்த பாடலைத் தொடங்குதல். பாடல் எழுந்தவுடன் வசனம் தானே முடிவுறும்.

இவற்றுள் முதல் வழி குறிப்பிடத்தக்கது. கட்டியங்காரன் வெளியிலிருந்து ஆட்டத்தை நிறுத்துவதில்லை. பணியாளின் வினாவுக்கு மன்னன் மன்னனாகவே விடை கூற வேண்டியிருப்பதால், நடிகர் வேடம் கலையாமலேயே கதைக்குத் திரும்புகிறார்.

ஒப்பீடு

கன்னட யட்சகானத்தில் பாகவதர் தம் பாட்டினால் ஆட்டத்தை நடத்திச் செல்கிறார். சமசுகிருத நாடகத்தில் சூத்திரதாரனும் விதூடகனும் தனித்தனியே செய்யும் பணிகள் கட்டியங்காரனிடம் ஒன்றுசேர்ந்துள்ளன எனலாம்.

கேரி கைகாக்சு, டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்சு அண்டு டிராகன்சு என்னும் மேசை விளையாட்டிலும் இத்தகைய பணி உண்டு. அதில் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுவர். ஆட்ட நடத்துநர் கதையை நகர்த்துவார். அவர்கள் கதையை விட்டு விலகினால், ஒரு தூதனையோ வழிப்போக்கனையோ கதைக்குள் அனுப்பி அவர்களைத் திருப்புவதுண்டு. மாற்று வழியின்றி ஒரே பாதையில் செலுத்துவதை ஆட்டக்காரர்கள் குறையாகக் கருதுவர். கூத்தின் முடிவு அவையோர் முன்பே அறிந்தது. இவ்விளையாட்டின் முடிவோ ஆட்டக்காரரின் தெரிவுகளைப் பொறுத்தது. இதுவே இரண்டிற்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஆகும்.

தற்கால நாடகத்தில்

ந. முத்துசாமி 1977 இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசைக் கூத்துக் கலைஞர்களுடன் இணைந்து பணியாற்றியது. நவீன தமிழ் நாடகங்கள் சிலவற்றிலும் கட்டியங்காரனை ஒத்த கதைசொல்லிப் பாத்திரங்கள் இடம்பெறுகின்றன.

இவற்றையும் பார்க்க

* தெருக்கூத்து
* படுகளம்
* யட்சகானம்