தோட்ட மேனேஜருக்கு பிசினஸ் லா எதுக்கு?

எம்பிஏ-வில் பிசினஸ் லா பாடமா, அது வக்கீல் வேலையாச்சே என்று தோன்றலாம். கோல சிலாங்கூரில் தோட்ட மேனேஜராகப் போகிறவருக்கு அப்படியில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது அங்குள்ள தென்னமரத்தில்தான். துரை சொன்னதே சட்டம் என்றிருந்த காலம் அது.

கையெழுத்துப் போட்டால் கட்டுப்படணும் என்றுதான் வகுப்பில் முதலில் படிப்போம். வேலை ஒப்பந்தத்தில் அது பாதி உண்மை. தொழிலாளி வாரம் 48 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரம்தான். பழைய தாளில் பிரசவ விடுப்பு 60 நாள் என்றிருந்தாலும், 98 நாள் கொடுத்தாகணும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, சட்டம் தருவதைவிடக் குறைவான நிபந்தனை செல்லாது. மீறினால் கம்பெனியோடு மேனேஜர் மீதும் குற்றம் சாட்டலாம். அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகும்.