154 ஜிகாபைட் விளையாட்டு 23 ஜிகாபைட்டானது எப்படி?

புது விளையாட்டைப் பதிவிறக்கம் செய்யப் போறீங்க. கணினியோ "இடம் போதவில்லை" என்கிறது. எதை அழிப்பது?

'ஹெல்டைவர்ஸ் 2' விளையாடுவோருக்கு இது பழக்கமான தொல்லை. கணினியில் அது சுமார் 154 ஜிகாபைட் இடத்தை அடைத்தது. 2025 டிசம்பரில் அதன் அளவு சுமார் 23 ஜிகாபைட்டாகச் சுருங்கியது. விளையாட்டில் எதையும் வெட்டவில்லை.

அப்போ மீதி எங்கே போச்சு?

ஒரே கோப்பு, பல நகல்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டிலிருந்து தகவலைத் தேடி எடுக்க நேரமாகும். அதனால் ஒரே கோப்பைத் தேவைப்படும் இடங்களில் எல்லாம் நகலெடுத்து வைப்பார்கள். பிளேஸ்டேஷன் 4-இல் வந்த 'ஸ்பைடர்மேன்' விளையாட்டில் சில தகவல்கள் 400 முறை பதிவாகியிருந்தன!

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை. நகல்களும் தேவையில்லை. 'ஹெல்டைவர்ஸ் 2'இல் நீக்கப்பட்டவை அந்த நகல்கள்தான்.

அளவைக் குறைக்க வேறு வழிகள்?

- சுருக்குவது: திரும்பத் திரும்ப வரும் பகுதியை ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் "அங்கே பார்" என்று குறிப்பு வைப்பது. 'ஸிப்' கோப்பு அப்படித்தான். விரித்தால் எல்லாம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

- விட்டுவிடுவது: எம்பி3 பாடலில் காதுக்கு எளிதில் எட்டாத ஒலிகள் நீக்கப்படும். நீக்கியது திரும்ப வராது.

- மாறியதை மட்டும் அனுப்புவது: 'ஸ்டீம்' தளம் கோப்புகளைச் சுமார் 1 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கிறது. புதுப்பிப்பு வரும்போது மாறிய துண்டுகள் மட்டும் இறங்கும்.

இலவச 'ரீபேக்' பாதுகாப்பானதா?

இணையத்தில் கிடைக்கும் பல 'ரீபேக்' கோப்புகளும் இதே உத்திகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனா ஒரு வித்தியாசம். மூட்டையைப் பிரித்து மறுபடியும் கட்டியது யாரோ ஒருவர். உள்ளே வேறு எதையாவது சேர்த்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. சில கோப்புகள் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்தச் சொல்லும். நிறுத்தினால், கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருள் நுழைந்தாலும் தடுக்க ஆளில்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாத விளையாட்டு என்றால் அது காப்புரிமை மீறலும்கூட.

இடம் வேண்டுமா? முதலில் விளையாட்டின் அமைப்புகளைப் பாருங்க. சிலவற்றில் தேவையில்லாத மொழிகளையும் பகுதிகளையும் தனியாக நீக்கலாம். அதுக்குக் காசும் வேண்டாம், பயமும் வேண்டாம்.