கீழ்ப்பாக்கத்திலிருந்து கோவளம் வரை

பொத்தேரியில் மின்சார ரயிலை விட்டு இறங்கினால் எதிரே பெரிய தனியார் மருத்துவக் கல்லூரி. அங்கே மனநலப் பிரிவும் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இப்படியொரு வசதி கிடையாது. கோயில், மந்திரிப்பு எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டும். போய்ச் சேரும் இடம் கீழ்ப்பாக்கம். அந்த ஊர்ப்பெயரையே நாம் வசையாக்கிவிட்டோம்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் 1794இல், வாலன்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகத்தில் இருக்கிறது. 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1961இல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், நோயாளியை உள்ளே வைப்பதைவிட வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே கடினம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஓய்வுக்குப் பின், 1984இல், மனநல மருத்துவர் தாரா முதலானோருடன் சேர்ந்து, மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார்.

அந்த அமைப்பு நகரத்தோடு நிற்கவில்லை. திருப்போரூர் வட்டாரக் கிராமங்களுக்குப் போனது. மருத்துவர்கள் வந்தார்கள் என்பதைவிட, ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்கட்டில் வருடக்கணக்காகக் கிடப்பவரை டாக்டருக்கு யார் காட்டுவார்கள்? தெரிந்த முகம் கேட்டால்தான் கதவு திறக்கும். இந்த முறை தமிழகக் கிராமங்கள், கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு, 2014இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, கூடவே வீட்டுக்கும் ஆள் வந்து கவனித்த நோயாளிகளுக்கு நோயும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. ஓரளவுதான், ஆனால் இந்த நோயில் அதுவே பெரிய விஷயம்.

வீடே இல்லாதவர்களுக்கு? 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காகச் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்', பிற்பாடு கோவளத்துக்கும் வந்தது. அதன் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். துணைக்கு உதவியாளர்கள் உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்காட்டியது.

இன்று செங்கல்பட்டு அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைத்தால் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மீதி வேலை நம் தெருவில்தான். காப்பகத்திலிருந்து வெளியே வந்த நாலு பெண்கள் உங்கள் மாடிவீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தால், சாவியைக் கொடுங்கள்.