வாண்டரரின் முதல் கோடை

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் ட்வைஃபர்ட் என்றொரு கிராமம். 1885ஆம் ஆண்டு அந்த ஊரில் குடியிருந்த எழுத்தாளர் ஒருவர், 18 அடி நீளத்தில் தமக்கென்று ஒரு சக்கர வீட்டைச் செய்யச் சொல்லி வாங்கினார். அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டிக்கொண்டு, வடக்கே ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போவதென்று கிளம்பினார். வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயர் வைத்தார். பிழைப்புக்காக இல்லாமல், ஊர் பார்க்கும் ஆசைக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பிரிட்டனின் கேரவன் பிரியர்கள் இன்றும் அந்த வண்டியைத்தான் கொண்டாடுகிறார்கள்.

கேரவன் என்றதும் நம் ஊரில் படப்பிடிப்புக்கு நடுவே நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது குடும்பங்களின் வண்டி. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட மோட்டார் வீட்டை வாங்கி, விடுமுறை வந்தால் குழந்தைகளோடும் நாயோடும் கிளம்பிவிடுவார்கள். புது வண்டி வந்த முதல் வருடம் அவர்களுக்குப் பெரும் பாடம். எவ்வளவு சாமான் ஏற்றலாம், எந்த மேட்டில் வண்டி திணறும், தண்ணீருக்கு எங்கே போவது, ராத்திரி எங்கே நிறுத்த விடுவார்கள் என்பதையெல்லாம் ஒவ்வொரு பயணமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தக் கேள்விகள் அனைத்தும் 1885இலேயே எழுந்துவிட்டன.

வாண்டரரின் சொந்தக்காரர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்து, அபர்டீனில் மருத்துவம் படித்தவர். மாணவப் பருவத்திலேயே திமிங்கல வேட்டைக் கப்பலில் ஆர்க்டிக் கடலுக்குப் போய்வந்தவர். பிறகு பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவரானார். உடல்நலம் கெட்டுக் கடலை விட்டு வந்தபின் பேனாவைக் கையில் எடுத்தார். சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதிக் குவித்தார். 'பாய்ஸ் ஓன் பேப்பர்' இதழில் உடல்நலம் பற்றி எழுதி, பச்சைத் தண்ணீரில் குளிக்கும்படி ஒரு தலைமுறைப் பையன்களுக்கே புத்தி சொன்னார். திறந்தவெளிக் காற்றே பெரிய மருந்து என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கத்தான் இந்த வண்டி.

பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் என்ற பெரிய வண்டிப் பட்டறையில் அது உருவானது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்பவர்களுக்கு 'பைபிள் வண்டி' கட்டித் தந்த பட்டறை அது. ஸ்டேபிள்ஸ் கேட்டது கனவானுக்கு ஏற்ற வண்டி. வெளியே பளபளக்கும் மகாகனி மரம். உள்ளே முன்புறம் கூடம், பின்புறம் சமையலுக்கும் சாமானுக்கும் ஒரு சிறிய அறை. கூடத்தில் பகலில் சோபாவாக இருந்தது ராத்திரியில் கட்டிலாகும். புத்தக அலமாரி, கண்ணாடி, கம்பளம் எல்லாம் இருந்தன. சமையலுக்கு எண்ணெய் அடுப்பு. கடற்படைக்காரர் ஆயிற்றே, அதைத் 'தரைக் கப்பல்' என்றே எழுதினார். வண்டியோடு போனவர்கள் அவருக்கு மாலுமிகள்.

ஆனால் சக்கரத்தின் மேல் வீடு கட்டும் கலையைப் பிரிஸ்டல் பட்டறையும் கண்டுபிடிக்கவில்லை, ஸ்டேபிள்ஸும் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலில் வளர்த்தவர்கள் ஊர் ஊராகத் திரிந்து சந்தைகளில் வித்தை காட்டியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமானி மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை வளைத்துக் கட்டிய கழிகளின் மேல் துணி போர்த்திய கூடாரத்தில் இருந்தவர்கள், 'வார்டோ' என்ற வண்டி வீட்டுக்கு மாறினார்கள். கோடியில் குறுக்காகப் படுக்கை, அதன் கீழே குழந்தைகள் படுக்க இடம், சுவரோரம் இரும்பு அடுப்பு. அந்த அடுப்பின் இடத்தைப் பார்த்தாலே அவர்களுடைய அனுபவம் புரியும். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும். ஆகவே அடுப்பை வலப்பக்கச் சுவரில் வைத்தார்கள்; சாலையோர மரக்கிளைகள் புகைபோக்கியில் இடிக்காது. வருடம் முழுவதும் வண்டியில் குடியிருந்தவர்களுக்கே இப்படிப்பட்ட யோசனை வரும். அத்தகைய வண்டிகளைக் கட்டுவதில் பேர் பெற்றது ரெடிங் நகரம். 'ரெடிங் வேகன்' என்றே ஒரு வகை உண்டு. ஸ்டேபிள்ஸின் வீட்டிலிருந்து அந்த நகரம் நடந்தே போகும் தூரம். தம் பகுதிச் சாலைகளில் ரோமானி வண்டிகளைப் பார்த்துத்தான் அவருக்கும் ஆசை பிறந்தது.

நீண்ட பயணத்துக்கு முன்னால், வசந்த காலத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். ட்வைஃபர்ட்டுக்குப் பக்கத்திலேயே, மெய்டன்ஹெட் திக்கெட் என்ற மரக்காட்டில், இடி மின்னலோடு பெருமழை பிடித்துக்கொண்டது. கேரவன் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

வண்டி கற்றுக்கொடுத்த பெரிய பாடம் எடை. சாமான்களோடு சேர்த்து ஏறக்குறைய 2 டன். சமதரையில் இரண்டு குதிரைகள் அதைச் சுலபமாக இழுத்துவிடும். மேடு வந்தால் நின்று நின்றுதான் ஏற வேண்டும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வண்டி பின்னால் உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வேண்டும். நம் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் செய்யும் அதே வேலை. இறக்கம் இன்னும் ஆபத்தானது. பிரேக் இருந்தாலும் போதாது. அந்தக் காலத்துக் கனரக வண்டிகளில் சக்கரத்துக்கு அடியில் இரும்புக் கட்டையைச் செருகி, சக்கரம் சுழலாமல் இழுபட்டுப் போகும்படி செய்வார்கள். அது நழுவினால் 2 டன் எடையும் குதிரைகளின் கால்மேல்தான். இன்றைய மோட்டார் வீட்டுக்காரர்கள் எடைமேடையில் வண்டியை நிறுத்திச் சாமான்களை இறக்கிக் குறைப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே கவலைதான்.

இந்த வேலைகளையெல்லாம் யார் செய்தார்கள் என்பது வரலாற்றில் கட்டாயம் பதிய வேண்டிய செய்தி. கடிவாளம் பிடித்தவர் ஜான் என்ற வண்டியோட்டி. ஃபோலி என்ற பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போவார். பாதையில் மேடு பள்ளம் எப்படி, எதிரே பெரிய வண்டி வருகிறதா என்று பார்ப்பதும், ராத்திரி தங்க இடம் விசாரிப்பதும் அவர் பொறுப்பு. சமையலும் அவருடையதே. வண்டியின் பின்னறையே அவருடைய படுக்கை இடம். இழுத்தவை கார்ன்ஃப்ளவர், பீபிளாசம் என்ற இரண்டு குதிரைகள். ஹரிக்கேன் பாப் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாயும் ஒரு கொண்டைக்கிளியும் கூடவே வந்தன. ஊர்சுற்றும் சுதந்திரம் என்று பின்னாளில் எல்லாரும் வியந்த அந்த வாழ்க்கை இரண்டு மனிதர்களின் உழைப்பிலும் இரண்டு குதிரைகளின் தோளிலும் நின்றது. ஸ்டேபிள்ஸ் அவர்களை மறைக்கவில்லை. நன்றியோடும் அன்போடும் பெயர் சொல்லி எழுதினார். அதனால்தான் அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

வாண்டரருக்குக் காலமும் வாய்ப்பாக அமைந்தது. 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கியபின் குதிரைக் கோச்சுகள் வரிசையாக நின்றுபோயின. நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின. ஒரு காலத்தில் பத்து இருபது ஜோடிக் குதிரைகள் மாற்றிக் கட்டப்பட்ட சாலையோர விடுதிகளில் லாயங்கள் காலியாகக் கிடந்தன. சுங்கச் சாவடிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. அப்படிப்பட்ட சாலையில் ஸ்டேபிள்ஸ் வந்தார். குதிரைகளை விடுதி லாயத்தில் கட்டிவிட்டு, வண்டியை விடுதி முற்றத்திலோ பக்கத்து விவசாயியின் புல்வெளியிலோ நிறுத்துவார்கள். வாரிக், நாட்டிங்காம்ஷயர், டான்காஸ்டர், டர்ஹம், நியூகாசில் என்று வடக்கே ஏறி, பெரிக்கில் எல்லையைத் தாண்டி, எடின்பரோ, ஃபால்கிர்க், கிளாஸ்கோ, பெர்த் வழியாகக் கிராம்பியன் மலைகளைக் கடந்து இன்வர்னஸ் போய்ச் சேர்ந்தது வண்டி. நிலக்கரிச் சுரங்கங்களின் கரி படிந்த ஊர்களையும், மீனவக் குடிகளையும், மலைநாட்டின் ஆளில்லாத பாதைகளையும் ஒரே கோடையில் பார்த்தார்கள். அவ்வளவையும் குதிரை நடக்கும் வேகத்தில் பார்த்ததுதான் அந்தப் பயணத்தின் செல்வம். ரயிலில் போயிருந்தால் இதில் பாதிகூடக் கண்ணில் பட்டிருக்காது. மறுவருடம், 1886இல், இந்த அனுபவங்கள் புத்தகமாக வந்தன. சாலையில் கடந்த தூரம் 1,300 மைல் என்று தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார்.

வாண்டரர் புறப்பட்ட அதே 1885இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டியைச் செய்து முடித்தார். ஆனால் அப்படியொரு வண்டி அன்று பிரிட்டிஷ் சாலைக்கு வந்திருந்தால் ஓட முடிந்திருக்காது. தானாக ஓடும் வண்டி எதுவானாலும் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும் என்பது சட்டம். 1896இல்தான் அது தளர்ந்தது.

வாண்டரர் ஓடிய காலத்தில் லண்டன் நாடாளுமன்றத்தில் வண்டிவாசிகளைக் கட்டுப்படுத்தும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. கோல்வில் ஊர்க்காரரான ஜார்ஜ் ஸ்மித், செங்கல் சூளைகளிலும் கால்வாய்ப் படகுகளிலும் வாடிய குழந்தைகளுக்காகப் போராடிச் சட்டம் கொண்டுவர வைத்தவர். அடுத்ததாக வண்டிகளில் வாழ்பவர்களையும் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் வண்டிக்குள் நுழைந்து சோதிக்க வேண்டும் என்று நகரும் குடியிருப்புகளுக்கான மசோதாவைக் கேட்டார். அது திரும்பத் திரும்ப அவைக்கு வந்து, ஒவ்வொரு முறையும் தோற்றது. அதை எதிர்க்கத்தான் 1889இல் சந்தை வித்தைக்காரர்கள் வண்டிவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். சட்டத்தின் கை ஏற்கெனவே ஊர்சுற்றி வாழ்பவர்கள் மீது இருந்தது: 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, ஜிப்ஸி ஒருவர் சாலையோரத்தில் கூடாரம் போட்டால் 40 ஷில்லிங் வரை அபராதம். ஸ்டேபிள்ஸுக்கு விவசாயிகள் புல்வெளியைத் திறந்துவிட்ட அதே ஆண்டுகளில், அவருக்கு வழிகாட்டிய மக்களைக் காவலர்கள் வேலியோரங்களிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக் கேரவனின் வரலாற்றைச் சொல்வது நியாயம் ஆகாது.

வாண்டரரின் பின்னால் வேறு வண்டிகள் வந்தன. 1907இல் லண்டனில் ஜே. ஹாரிஸ் ஸ்டோன் என்பவரின் வீட்டில் கூடிய சிலர் கேரவன் கிளப்பைத் தொடங்கினார்கள். ஸ்டேபிள்ஸ் அதன் துணைத் தலைவரானார். 1910இல் அவர் இறந்தார். அதே வருடம் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் படுக்கையாக மடியும் பின்னிருக்கையும் கைகழுவும் தொட்டியும் கொண்ட சொகுசுக் காரைக் காட்சிக்கு வைத்தது. குதிரை இல்லாத வீடு அப்போது வந்துவிட்டது.

முதல் வருடத் துணிச்சலில் ஸ்டேபிள்ஸுக்கு இணை சொல்லத்தக்கவர் நியூயார்க்கைச் சேர்ந்த ரோலண்ட் காங்க்ளின். பேருந்து செய்யும் நிறுவனத்தின் அதிபர். தம் தொழிற்சாலையிலேயே 25 அடி நீளம், 8 டன் எடையில் ஒரு வீட்டைக் கட்டி, 'ஜிப்ஸி வேன்' என்று பெயரிட்டார். 1915 ஆகஸ்டில் லாங் தீவிலிருந்து குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் புறப்பட்டார். உள்ளே மின்விளக்கு, முழுச் சமையலறை, ரயில் பெட்டியில் இருப்பதைப் போன்ற படுக்கைகள்; கூரைமேல் உட்கார்ந்து காற்று வாங்க இடம். நாட்டைக் குறுக்காகக் கடக்கும் லிங்கன் நெடுஞ்சாலை அறிவிக்கப்பட்டு அப்போது இரண்டு வருடம்தான், பெரும்பகுதி மண்பாதை. மழை பெய்தால் 8 டன் வண்டிக்கு அங்கே என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய செல்வர் ஒருவரால் மட்டுமே அன்று அப்படிப் புறப்பட முடிந்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவனை பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் 1919இல் விற்பனைக்குச் செய்யத் தொடங்கியது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1950களில் வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தந்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வின்னபேகோ நிறுவனம் 1966இல் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை வரிசையில் செய்யத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு அது வந்தது இப்படிப் படிப்படியாகத்தான்.

பெரிய பட்டறையில் பிறந்த வாண்டரர் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அது நல்ல செய்தி. அதன் மகாகனிப் பலகைகளைப் பார்ப்பவர்கள் ரெடிங் வேகன்களையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஏனென்றால் பிரிட்டனில் சட்டம் இரண்டு வகை வண்டிவாசிகளையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1960ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம், உறுப்பினர்களுக்காகச் சிறிய தளங்களை நடத்தும் கேரவன் கிளப் போன்ற அமைப்புகளுக்கு உரிமத்திலிருந்து விலக்குத் தந்தது. பொது நிலங்களில் கேரவன் நிறுத்துவதைத் தடைசெய்யும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கும் தந்தது. ரோமானி மக்கள் தலைமுறைகளாகத் தங்கிய பல இடங்கள் அதனால் பறிபோயின. அவர்களுக்குத் தளம் அமைத்துத் தர உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்திய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொறுப்பையும் 1994இல் நீக்கிவிட்டார்கள். 2022இல் வந்த காவல்துறைச் சட்டம், அனுமதியின்றி வண்டியோடு தங்கியவர்கள் வெளியேற்றப்பட்ட இடத்துக்கு 12 மாதம் திரும்பி வரக்கூடாது என்றது. அதற்கு முன் அது 3 மாதமாக இருந்தது. ரோமானிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அந்த மாற்றம் மனித உரிமை உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது.