எரிந்த நெகடிவும் சிறப்பு வட்டும்

சிட்னியில் இருந்துகொண்டு சிறப்புப் பதிப்பு வட்டுகள் சேர்க்கிறவருக்கு முதல் தலையிடி வலயப் பூட்டு. டிவிடியில் அவுஸ்திரேலியா நாலாம் வலயம், ஊர் ஐந்தாம் வலயம். புளூறேயில் நாங்கள் பி, அமெரிக்கா ஏ. புளூறேயோடு போட்டி போட்ட எச்டி டிவிடிக்கு வலயப் பூட்டே இல்லை. 2008 பெப்ரவரியில் தோஷிபா அதைக் கைவிட்டது. எனக்கென்னவோ தோற்கக்கூடாதது தோற்றதாகத்தான் படுகிறது.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' முதலான மூன்று அபு படங்களையும் 2015 இல் கிரைட்டீரியன் புளூறேயில் வெளியிட்டது, ஏ பூட்டோடு. அதற்காகவே எல்லா வலயமும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்கினேன். அந்தப் படங்களின் நெகடிவ்கள் 1993 இல் லண்டனில் தீப்பிடித்துக் கருகியவை. மிஞ்சியதை இத்தாலியின் பொலோஞ்ஞாவில் ஈரப்பதம் ஏற்றி இளக்கி, கையாலேயே ஒட்டுப்போட்டு மீட்டெடுத்தார்கள்.

பார்த்து முடிய ஹெந்தளைதான் ஞாபகம் வந்தது. அங்கேயிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை 1983 யூலையில் எரித்தார்கள். அங்கே போன படச்சுருள்கள் போனதுதான்.

நண்பர்கள் வட்டா, ஸ்ட்ரீமிங்கா என்று இன்னும் வாதாடுகிறார்கள். தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977) யாழ்ப்பாணத்தில் எடுத்த படம். அதற்கு ஒரு நல்ல வட்டு தேடுகிறேன். எந்த வலயமென்றாலும் சரி.