சுழல்காற்றும் ரேடாரும்: ஓர் எச்சரிக்கையின் வரலாறு



என் வகுப்பில் படிவம் நான்கு மாணவர் ஒருவர் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: ரேடார் வந்தது, அதனால் சுழல்காற்றில் மக்கள் இறப்பது குறைந்தது. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனா வரலாற்றுக் கட்டுரையில் இந்த ‘அதனால்’ கொஞ்சம் ஆபத்தான சொல். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டுப் பார்ப்போம்.

டொர்னாடோ எனப்படும் சுழல்காற்று, பெரிய இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் காற்றுத் தூண். உலகத்திலேயே அது அதிகமாக வீசும் நாடு அமெரிக்கா. 1880களில் ஜான் ஃபின்லி என்ற ராணுவ வானிலை அதிகாரி அதை முன்கூட்டியே கணிக்க முயன்றார். மேலதிகாரிகள் வேறு மாதிரி நினைத்தார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று பயந்து, முன்னறிவிப்பில் அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றார்கள். இந்தத் தடை 1938 வரை நீடித்தது.

1948 மார்ச் 20 இரவு, ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழல்காற்று தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. ஐந்தே நாளில் அதே மாதிரியான வானிலை மறுபடியும் உருவானது. ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தைச் சுழல்காற்று மறுபடியும் தாக்கியது. சுழல்காற்றைக் கணிக்க முடியும் என்பது அன்று தெரிந்தது.

இனி ரேடாருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைத் தேடியவர்களுக்குத் திரையில் தெரிந்த மழை வெறும் தொல்லை. போர் முடிந்ததும் அந்தத் தொல்லையே வானிலை ஆய்வாளர்களுக்குத் தகவலாக மாறியது. 1953 ஏப்ரல் 9இல் இலினாய் மாநிலத்தில், மழையை அளக்க வைத்திருந்த ரேடாரில் டொனால்ட் ஸ்டாக்ஸ் என்பவர் ஒரு விசித்திர வடிவத்தைக் கண்டார். மழைமேகத்தின் ஓரத்தில் தூண்டில் முள் போல ஒரு வளைவு. சுழலும் காற்று மழையைத் தன்னைச் சுற்றி இழுப்பதால் வந்த உருவம் அது. ‘கொக்கி எதிரொலி’ முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான்.

ஆசிரியர்களுக்குப் பிடித்த சம்பவம் 1956 ஏப்ரல் 5இல் நடந்தது. டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் ரேடாரில் கொக்கி தெரிந்ததும், ஆய்வாளர்கள் உள்ளூர்ப் பள்ளிக்குத் தகவல் சொன்னார்கள். மாணவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள். திரையில் பார்த்தது ஒருவர், நம்பிச் செயல்பட்டது இன்னொருவர். இதை மனசுல வச்சுக்குங்க.

கொக்கிக்கும் ஒரு குறை உண்டு. எல்லாச் சுழல்காற்றும் கொக்கி காட்டாது. எல்லாக் கொக்கியும் சுழல்காற்று ஆகாது. டாப்ளர் ரேடார் அடுத்த படி. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி ஒரு மாதிரியும், விலகிப் போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா? அதே விதிதான். மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்று இது காட்டும். வருவதும் விலகுவதும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் அங்கே காற்று சுழல்கிறது. 1973 மே 24இல் ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய சுழல்காற்றை ஆய்வாளர்கள் டாப்ளரில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவை ஆராய்ந்தபோது, தரையைத் தொடுவதற்கு முன்பே மேகத்துக்குள் அதன் அடையாளம் தெரிந்தது. 1990களில் நாடு முழுவதும் டாப்ளர் ரேடார்கள் அமைக்கப்பட்டன.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பூமி உருண்டை. ரேடார் கதிர் போகப் போக மேலே ஏறும்; 100 கிலோமீட்டர் தூரத்தில் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பதைச் சொல்ல இன்றும் மனிதக் கண்கள் வேண்டும்.

2011 மே 22இல் மிசூரியின் ஜோப்ளின் நகரத்துக்கு எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. சங்கும் ஒலித்தது. இருந்தும் 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுழல்காற்று அவ்வளவு வலிமையானது என்பது ஒரு காரணம். பிறகு நடந்த விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது: பலர் முதல் எச்சரிக்கையைக் கேட்டதும் ஒதுங்கவில்லை. சங்கு அடிக்கடி ஒலிப்பதுதானே என்று இருந்தார்கள். வேறு ஏதாவது வழியில் உறுதி செய்யக் காத்திருந்தார்கள்.

ஒரு காலத்தில், மக்கள் பயப்படுவார்கள் என்று சொல்லாமல் விட்டார்கள். பிறகு, சொல்லியும் பலர் உடனே நம்பவில்லை. ஆக, அந்த மாணவரின் ‘அதனால்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று படிகள் இருக்கின்றன: காண்பது, சொல்வது, நம்பிச் செயல்படுவது. ரேடார் முதல் படியை மட்டும்தான் செய்யும்.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு கண்டுபிடிப்பின் விளைவை எழுதும்போது இந்த மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதிப் பாருங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் விவாதிக்க ஒரு கேள்வி: 1880களில் பீதிக்குப் பயந்து அந்தச் சொல்லைத் தவிர்த்த அதிகாரிகள் செய்தது முழுக்கத் தவறா? ஆதாரத்தோடு வாதிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.