முதல் நூறு நாள்களும் முந்தைய அனுபவமும்

புதிதாக ஆட்சிப் பொறுப்பேற்கும் தலைவரை முதல் சில திங்களிலேயே எடைபோட்டுவிடுகிறோம். அவர் தடுமாறினால் அனுபவம் போதாது என்கிறோம். துணிந்து செயல்பட்டால் இளமையின் வேகம் என்று மெச்சுகிறோம். இத்தகைய தீர்ப்புகள் எவ்வளவு சரியானவை? கத்தோலிக்கர் பலரும் நம்மவர் என்று பெருமிதம் கொண்ட ஒருவரின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வது பயனுடையது.

1960 நவம்பரில் ஜான் கென்னடி அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றபோது அவருக்கு வயது 43. அப்பதவியை அடைந்த முதல் கத்தோலிக்கர் அவரே. பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலுமாக 14 ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். ஆனால் ஒரு மாநிலத்தையோ அரசுத் துறையையோ நிர்வகித்ததில்லை. அவருக்கு முன் பதவி வகித்த ஐசனோவரோ, இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர்.

கென்னடி பதவியேற்று மூன்று திங்கள்கூட நிறைவுறாத நிலையில், 1961 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்கா பயிற்சியளித்த ஏறத்தாழ 1,400 கியூப நாட்டவர் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்கப் பன்றிகள் விரிகுடாவில் கரையிறங்கினர். மூன்று நாள்களுக்குள் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர்.

அனுபவமின்மையே இதற்குக் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் இத்திட்டத்தின் பிறப்பிடம் எது? 1960 மார்ச்சில் ஐசனோவரின் ஒப்புதலோடு தொடங்கியது இது. இதனை நடத்தியது மத்திய உளவு நிறுவனம். அதன் தலைவர் ஆலன் டல்லஸ் 1953 முதல் அப்பொறுப்பில் இருந்தவர். படைத் தளபதிகளும் தடை சொல்லவில்லை. தோல்வி நேர்ந்தால் எஸ்காம்பிரே மலைக்குப் பின்வாங்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் கரைக்கும் மலைக்கும் இடையே சுமார் 80 மைல் தொலைவு; வழியெல்லாம் சதுப்பு நிலம்! வரைபடத்தை விரித்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ரெகபெயாம் அரசன் முதியோரின் அறிவுரையைத் தள்ளி இளைஞரின் சொல் கேட்டதால் நாடு பிளவுண்டதை 1 அரசர் நூலில் வாசிக்கிறோம். இங்கோ கதை தலைகீழ். இளையவர் மூத்தோரின் சொல்லை அப்படியே ஏற்றுத்தான் இடறினார். மூத்தோர் அனைவரும் ஒரே குரலில் பேசியதாகவும் சொல்ல முடியாது. செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர் புல்பிரைட், உயிர்ப்புப் பெருவிழா விடுமுறைக்குக் கென்னடியோடு விமானத்தில் சென்றபோதே, இது வேண்டாம் என்று எழுதித் தந்தார். அக்குரல் எடுபடவில்லை.

தோல்விக்குப் பின், ஏப்ரல் 22 அன்று, கென்னடி ஐசனோவரை அழைத்துக் கலந்துரையாடினார். ஒப்புதல் அளிக்குமுன் எல்லாரையும் எதிரில் அமர்த்தி, ஆதரவும் எதிர்ப்புமாக விவாதிக்கச் செய்து கேட்டீரா என்பதே முதியவர் எழுப்பிய வினா. என் பார்வையில் அனுபவம் என்பது இவ்வினாவில்தான் இருக்கிறது. விவேகத்தின் கூறுகளைப் பகுத்துரைக்கும் புனித தாமஸ் அக்குவினாஸ், நினைவாற்றலையும் பிறரிடம் கற்கும் மனத்தையும் அருகருகே வைக்கிறார். முதுமையிலும் ஒருவர் பிறரிடம் கற்க வேண்டியவரே என்கிறார். அந்த ஐசனோவரின் அரசே 1960 மே மாதத்தில், சோவியத் மண்ணில் வீழ்த்தப்பட்ட உளவு விமானத்தை வானிலை ஆய்வு விமானம் என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டதையும் மறப்பதற்கில்லை.

கென்னடி பழியை வெளிப்படையாக ஏற்றார். கேலப் கருத்துக் கணிப்பில் அவருக்கிருந்த ஆதரவு 83 விழுக்காடாக உயர்ந்தது. தோற்றவருக்குக் கிடைத்த இந்த ஆதரவு, தொடக்ககாலத் தீர்ப்புகளை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டும்.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் காணப்பட்டபோது, குண்டுவீசித் தாக்கவே தளபதிகள் வற்புறுத்தினர். இம்முறை கென்னடி ஆலோசகர்களை வாதிட விட்டார். அவர்கள் தயக்கமின்றிப் பேசும்பொருட்டுச் சில கூட்டங்களுக்குத் தாமே வராதிருந்தார். இறுதியில் கடல்வழி முற்றுகையைத் தேர்ந்தார். அக்டோபர் 25 அன்று திருத்தந்தை 23ஆம் அருளப்பர் வானொலியில் அமைதிக்காக மன்றாடினார். அக்டோபர் 28 அன்று ஏவுகணைகளை அகற்ற சோவியத் அரசு இசைந்தது.

ஆகவே முதல் நூறு நாள்களை வைத்து அவரைத் தள்ளியிருந்தால் தவறாகியிருக்கும். ஆயினும், கற்றுக்கொண்டார் என்பதற்காக முதற்பிழையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள்.

சுமார் 5 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்புள்ள உணவுக்கும் மருந்துக்கும் ஈடாக, சிறைப்பட்டோர் 1962 கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி மயாமி வந்து சேர்ந்தனர். டிசம்பர் 29 அன்று அங்குள்ள விளையாட்டரங்கில் கென்னடி அவர்களைச் சந்தித்துப் பேசினார். கடற்கரையில் மாண்டவர்களின் உற்றாரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும்.